முதலில் ஆயிலை மாத்துங்கப்பா!

மகன் தன் பழைய காருக்கு ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் மாற்றப் போகிறானாம். பெடல் கல் மாதிரி நிற்குமாம். "பிரேக் ஆயில் எப்பப்பா மாத்துன?" என்றேன். ஐந்து வருடமாச்சாம்!

நண்பர்களே, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். எந்த ஸ்டீல் ஹோஸும் காப்பாற்றாது.

ரப்பர் ஹோஸ் வெடித்தோ உப்பியோ இருந்தால் உடனே மாற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். நன்றாக இருந்தால் ஆயிலை மாற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. செலவும் குறைவு. ஆனால் அதைப் படம் பிடித்துப் போட முடியாதே, அதுதான் சிக்கல்!

பின் சீட்டில் என் பேரப்பிள்ளைகள் உட்காருகிறார்கள். அதனால்தான் இந்தக் கோபம்.