பித்தளைத் தோட்டாவைச் சீவி நிரப்புவது சிக்கனமா?

புரட்டாசி பிறந்து மானாவாரி மல்லாட்டையில் காய் முற்றத் தொடங்கியதும் திருவண்ணாமலை சுற்றுவட்டார விவசாயிக்குத் தூக்கம் போய்விடுகிறது. செங்கம், தண்டராம்பட்டு, போளூர் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும் ஜவ்வாதுமலை அடிவாரத்திலும் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், ஏர் ஓட்டியது போல நிலத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. மரவள்ளி, கரும்பு எதற்கும் விதிவிலக்கு இல்லை. பரண் போட்டுக் காவல் இருப்பது, தகரம் தட்டுவது, பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவது எல்லாம் நடக்கின்றன. முதல் வாரம் பன்றி பயப்படுகிறது. பிறகு பழகிவிடுகிறது.

இந்த நிலையில்தான், பரம்பரையாக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் சில வீடுகளில் ஒரு யோசனை தலைதூக்குகிறது. தாத்தா காலத்துப் பித்தளைத் தோட்டாக் கூடுகள் பெட்டியில் கிடக்கின்றன. புதுத் தோட்டா வாங்க அலைச்சலும் செலவும் அதிகம். பழைய கூட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, வெடித்த விளிம்பைச் சீவி, மருந்தும் ரவையும் அடைத்துக்கொண்டால் என்ன? பித்தளை கெட்டுப் போகிற பொருளா?

கேள்வி நியாயமானதாகவே படும். ஆனால் பதில், கண்ணும் கையும் போகிற விஷயம்.

கூட்டைத் திரும்ப நிரப்புவது புதிய வழக்கம் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிகள் 12 போர் துப்பாக்கிக்கு முழுப் பித்தளைக் கூடுகளைத் தயாரித்து அனுப்பியதே, கடை கண்ணி இல்லாத இடங்களில் வேட்டைக்காரர்கள் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். அமெரிக்காவில் இன்றும் ஏராளமான பேர் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் மேஜையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மருந்தை எடை போட நுண்ணிய தராசு இருக்கும். கூட்டின் நீளத்தை அளக்கக் கருவியும், அதைச் சீவுவதற்கென்றே செய்த சிறு கடைசல் இயந்திரமும் இருக்கும். எந்தக் கூட்டுக்கு எந்த மருந்து எத்தனை எடை என்று பரிசோதித்து அச்சிட்ட அட்டவணையும் பக்கத்தில் இருக்கும்.

நீளம் ஏன் அவ்வளவு முக்கியம்? ரைபிள் தோட்டா வெடிக்கும்போது பித்தளை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டுகிறது. கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கி மறுபடி நிரப்பிச் சுட, உலோகம் சிறிது சிறிதாக முன்பக்கம் நகர்ந்து கழுத்து நீளுகிறது. நீண்ட கழுத்து அறையின் முனையில் இடித்து மடங்கினால் குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். குண்டு தாமதித்தால் உள்ளே அழுத்தம் எகிறும். நம் போலீசார் நெடுங்காலம் தூக்கிச் சுமந்த 303 ரைபிளின் கூடு சுமார் 56.4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த எல்லைக்குக் கால் மில்லிமீட்டர் கீழே வரும்படி சீவுகிறார்கள். மோட்டார் பம்பு புஷ் கடையும் பட்டறையில் கண்ணளவில் செய்கிற வேலை அல்ல இது.

விவசாயி வைத்திருப்பது ரைபிள் அல்ல, ரவை போட்டுச் சுடும் துப்பாக்கி. அதில் பித்தளைக் கூடு நீளுவது பெரிய தொல்லை இல்லை. வாய் விரிசல் விடுவதுதான் தொல்லை. வெடித்த வாயைச் சீவி எடுத்தால் புதிது போலப் பளபளக்கும். ஆனால் வாய் ஏன் வெடித்தது? பித்தளையை விரிக்க விரிக்க, அமுக்க அமுக்க அது இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. வெட்டிய இடத்துக்குக் கீழே இருப்பதும் அதே இறுகிய உலோகம்தான். நெருப்பில் காட்டினால் இளகுமே என்று பாத்திரத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாய்ப்பக்கத்தை மட்டும் இளக்கத் தெரிந்தால் சரி. சூடு அடிப்பாகத்துக்கு இறங்கினால், முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய அடி மெத்தென்று ஆகிவிடும். அந்தக் கூடு பின்பக்கம் பிளந்தால் எதிரே இருப்பது சுடுகிறவருடைய முகம்.

அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். டிராக்டர் பின்சக்கரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சுமாருக்குக் காற்று அடிக்கிறோம். கம்பெனி 12 போர் தோட்டா வெடிக்கும்போது அதே சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 700 கிலோ வரை அழுத்தம் எழும்பலாம். பாட்டி கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு 100 வருஷம் நிற்கிறதே என்ற வாதம் இங்கே செல்லாது. விளக்கு எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை.

மாட்டுக் கொட்டகையின் சதி

தோட்டாப் பெட்டியை எங்கே வைப்பது வழக்கம்? குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்று கொட்டகைப் பரணில் சொருகுவார்கள், அல்லது உர மூட்டை அடுக்கிய அறையில் வைப்பார்கள். பித்தளைக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

வெள்ளைக்காரர் ராணுவம் இதை இந்தியாவில்தான் கற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே கூட்டில் விரிசல் விட்டன. பருவமழை மாதங்களில் அதிகமாகக் கண்டதால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். தோட்டாப் பித்தளையில் 100க்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டை இழுத்துக் குழலாக்கும்போது உலோகத்துக்குள் ஒரு முறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், முறுக்கம் உள்ள இடத்தைத் தேடிப் பிடித்து அரிக்கின்றன. விரிசல் தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கலாம். மேலே பாலீஷ் போட்டால் கண்ணுக்கே தெரியாது.

மாட்டு மூத்திரம் ஊறிய தரையிலிருந்து வருவதும் அதே அம்மோனியாதான். ஈரம் பட்ட யூரியா மூட்டையும் அதைத்தான் விடுகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடியை அறியாத விவசாயி இல்லை. அந்த நெடியில் 20, 30 வருஷம் கிடந்த கூட்டை எடுத்து வாயை மட்டும் சீவி நம்புவது, கறையான் அரித்த தூலத்துக்கு வார்னீஷ் அடிப்பது போலத்தான். கொட்டகையில் வைத்த கூடு எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அதைத் துப்பாக்கியில் போடவே கூடாது.

மருந்து வேறு தனி ஆபத்து. பழைய பித்தளைக் கூடுகள் பலவும் கரிமருந்து நிரப்பிய காலத்தவை. அப்போது கிண்ணத்தால் அளந்து போட்டார்கள். கம்பெனித் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைப் பிரித்து எடுத்து அதே கிண்ணத்தால் அளந்தால், கூட்டை மட்டுமல்ல, குழலையே பிளக்கும். தாத்தா அளந்த கிண்ணம் பேரனுக்கு உதவாது.

இன்று கடையில் விற்கும் 12 போர் தோட்டாவில் உடல் பிளாஸ்டிக். அடிப்பாகம் மட்டுமே உலோகம். புனேவுக்குப் பக்கத்தில் கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலைத் தோட்டாக்களும் இப்படித்தான். ஒரு தடவை சுட்டதும் வேலை முடிந்தது. அதன் விலை அதிகம் என்று தோன்றலாம். ஆஸ்பத்திரிச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோன்றாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. அதன் 13ஆம் பிரிவு, உண்மையாகவே பயிர்க் காவலுக்காகக் கேட்கும் குடிமகனுக்கு, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி செய்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு ரவைத் துப்பாக்கிக்கும் தரலாம். ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம், தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. தயாரிப்பதற்கு 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பிரிவை மீறினால் 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை தண்டனை உண்டு. வீட்டில் நாலு கூடு நிரப்பியதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. பட்டறைக்காரரையும் சேர்த்து இழுத்துவிடும் காரியம் இது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தோட்டா நல்லதாகவே இருக்கட்டும், உரிமமும் சரியாகவே இருக்கட்டும். அதைக் கொண்டு பன்றியைச் சுட முடியுமா? முடியாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி பட்டியலில் உள்ள பிராணி. மேலே பாய்கிற பன்றியிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. மல்லாட்டையைக் காக்கக் கொன்றால் குற்றம். வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும். ஆக, ஒரு சட்டம் பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறது. இன்னொரு சட்டம் வானத்தைப் பார்த்துச் சுடு என்கிறது. அதிலும் தேர்தல் அறிவித்துவிட்டால், துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. பன்றிக்குத் தேர்தல் தெரியுமா?

தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 கிலோமீட்டர் முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடுவதற்கு இடமில்லை. காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பன்றியின் கொள்ளை அதிகம் எங்கே? காட்டை ஒட்டிய முதல் வயலில். அந்த வயல்காரருக்கு இந்த உத்தரவால் ஒரு படி மல்லாட்டையும் மிச்சமாகாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் காப்புக்காடுகள் மலை மலையாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பக்கம் 3 கிலோமீட்டர் அளந்தாலும் இன்னொரு காட்டுக்கு அருகில் போய் நிற்கும் கிராமங்கள் பல.

கேரளம் 2022இல் வேறு வழி எடுத்தது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களையே அந்த வேலைக்குப் பயன்படுத்த இடம் தந்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்றும் சொன்னது. அதில் குறைகள் இருக்கலாம். ஆனால் காட்டிலாகா ஆள் வரும்வரை பன்றி காத்திருக்காது என்பதை அது ஒப்புக்கொண்டது. நம் பக்கத்திலும் வனவர் முன்னிலையில், கிராமத்து உரிமக்காரர் நல்ல கம்பெனித் தோட்டாவோடு சுட வழி செய்தால், பெட்டிக்குள் கிடக்கும் பித்தளைக்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

வழி அடைபட்டால் மனிதன் குறுக்கு வழி தேடுவான். அதன் கோரமான உருவம் அவுட்டுக்காய். பன்றிக்கு வைத்த வெடியைப் பசு கடித்துத் தாடை சிதறுவது மேய்ச்சல்காரர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. 2020 மே மாதம் பாலக்காடு பக்கத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்து, வாய் புண்ணோடு ஆற்றில் நின்றே செத்ததை உலகமே பார்த்தது. கம்பத்து மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக வேலியில் பாய்ச்சுவதும் அதே ரகம். அதில் பன்றியைவிட, விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரர் சிக்குகிறார். சூரிய சக்தியில் விட்டு விட்டு அதிரும் வேலி போடுவதென்றால், 2023ஆம் வருஷத்து மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொண்டு போடலாம். சிறு விவசாயி ஒருவரால் முடியாவிட்டாலும், ஒரே கரையில் நிலம் உள்ள நாலைந்து பேர் சேர்ந்தால் செலவு கட்டுக்குள் வரும்.

கலெக்டர் அலுவலகமும் செய்ய வேண்டியது உண்டு. பயிர்க் காவல் உரிமங்களின் புதுப்பிப்பை அறுவடைக்கு முன்பே முடித்துத் தர வேண்டும். மனுவை மாசக்கணக்கில் போட்டுவைத்தால், உரிமம் உள்ளவரே உரிமம் இல்லாதவர் ஆகிவிடுகிறார். தாத்தா பெயரில் இருந்த துப்பாக்கியை என்ன செய்வது என்று தெரியாமல் பயந்து ஒளித்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, ஜமாபந்தி போல ஒரு நாள் குறித்து, தொந்தரவு இல்லாமல் ஒப்படைக்க வழி சொல்லலாம். 21ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் பழைய தோட்டா இருப்பவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பது, பிரித்து மருந்தைக் கொட்டுவது, அடுப்பில் போடுவது எதுவும் வேண்டாம். கேப்பு உயிரோடு இருந்தால் காலிக் கூடு என்று நினைப்பதும் கையைப் பதம் பார்க்கும். துப்பாக்கியைப் புதுப்பிக்கப் போகும்போது உரிமப் புத்தகத்தோடு அவற்றையும் கடைக்காரரிடமோ ஸ்டேஷனிலோ காட்டி ஒப்படைத்துவிடலாம். பழைய பித்தளைக்குக் கிலோ விலை கிடைக்கிறதே என்று தேரடிப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், அது உருக்கும் கொப்பரைக்குள் போகும் சரக்கு என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.