ஆளுமைக் கோளாறு ஒரு வசைச்சொல்லா?

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நாவலொன்றின் நாயகியைப் பற்றிப் பேசிய நண்பர், "அவளுக்கு ஆளுமைக் கோளாறு; இரண்டு பேராக வாழ்கிறாள்" என்று தீர்ப்பளித்து அமர்ந்தார். அவையும் தலையசைத்தது. 2005-இல் வெளிவந்த 'அந்நியன்' கற்பித்த உளவியல் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை போலும்.

ஒருவருக்குள் பலர் குடியிருப்பதாகக் காட்டப்படும் அந்நிலை வேறு. ஆளுமைக் கோளாறு வேறு. பின்னதில் இருப்பவர் ஒருவரே. தம்மையும் பிறரையும் அவர் உணரும் முறை ஆண்டுக்கணக்கில் இறுகிப்போய் அவரையும் சுற்றத்தாரையும் வருத்துகிறது. ஓயாத ஐயம், கைவிடப்படுவோமோ என்னும் அச்சம், அளவிறந்த ஒழுங்குப்பற்று எனப் பல கூறுகள் ஒருவரிடமே விரவியிருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பட்டியல் இதற்குக் 'கலப்பு' என்றே தனி இடம் தந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பட்டியலோ பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, பாதிப்பு லேசானதா, மிதமானதா, கடுமையானதா என்பதையே முதலில் வினவுகிறது. மனிதர் பெட்டிகளுக்குள் அடங்கார் என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டுவிட்டது. மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லும் நாமோ பெட்டியை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறோம்!

"அது பிறவிக்குணம், மாறாது" என்பாரும் உளர். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறுடைய பெண்களுக்கென அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கிய பேச்சுவழிச் சிகிச்சை, அச்செயல்களைக் குறைத்ததை 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. இளமையில் தாமும் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் அவரே வெளிப்படுத்தினார். இக்கோளாற்றுக்கென்றே தனி மாத்திரை இல்லை. உடன்வரும் மனச்சோர்வு முதலியவற்றிற்கு மருந்து உதவலாம். ஆயினும் அடிப்படைச் சிகிச்சை, பயிற்சி பெற்ற ஒருவருடன் பொறுமையாக, நெடுங்காலம் நிகழும் உரையாடலே.

பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் மணிக்கட்டில் தழும்புகளைக் கண்டோம். ஆசிரியர் அறையில் "எல்லாம் நடிப்பு" என்றார்கள். நானும் மறுக்கவில்லை. அவள் படிப்பை முடிக்காமலே போய்விட்டாள். அவளுக்கு இருந்தது இன்ன நோய் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மருத்துவனாக இருக்க வேண்டியதில்லையே!

ஆகவே நண்பர்களே, நோய்ப்பெயரை வசையாகவும் விமரிசனக் கலைச்சொல்லாகவும் வீசுவதை நிறுத்துவோம். அப்பெயரைக் கேட்டாலே கூசி, சிகிச்சைக்கு வராமல் ஒதுங்கி நிற்பவர் நம் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.