பிறவாத பிள்ளைக்குப் புகட்டிய மது

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில், கேப் டவுன் நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கும் திராட்சைத் தோட்டங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அங்குப் பிழியப்படும் ஒயின் ஐரோப்பியச் செல்வந்தரின் விருந்து மேசைகளை அலங்கரிக்கின்றது. அதே தோட்டங்களில் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் பலரோ, தாம் ஒரு துளியும் அருந்தாத மதுவின் விளைவை வாழ்நாள் முழுதும் சுமந்து நிற்கின்றனர். தாய் அருந்திய மதுவால் கருவிலேயே பாதிப்புற்ற பிள்ளைகள் உலகில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 8 பேர் என்றும், தென்னாப்பிரிக்காவில் மட்டும் 111 பேர் என்றும் 2017-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறிற்று.

அதாவது, ஒன்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளை! இத்துணைப் பெருங்கேடு ஒரு நாட்டில் வந்து குவிந்ததேன்? தாய்மாரின் பொறுப்பின்மை என்று கூறி அப்பால் செல்வது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1652-இல் டச்சுக் கம்பெனியார் கேப் முனையில் குடியேறினர். 1659-இல் அங்கு முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டது. உழைப்பதற்கு அடிமைகள் கப்பல்களில் கொணரப்பட்டனர். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மட்டுமன்று. வங்காளம், மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட. உழைப்போருக்கு நாளில் பலமுறை குவளையில் ஒயின் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாயிற்று. 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் ஒழியவில்லை. கூலியில் ஒரு பகுதியே மதுவாக அளக்கப்பட்டது. ‘டாப்’ முறை என்பது அதன் பெயர். மட்டமான ஒயினைத் தீர்த்துக் கட்டவும், கூலியாளைத் தோட்டத்தோடு பிணைத்து வைக்கவும் பண்ணையாருக்கு இதைவிட வசதியான வழி வேறில்லை. 1960-களிலேயே சட்டம் அதனைத் தடுத்தது. ஆயினும் 1990-கள் வரை சில பண்ணைகளில் அது நீடித்தது. தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட நாவு, குவளை நின்றதும் கடையைத் தேடிச் சென்றது.

மருத்துவ உலகம் இக்கேட்டை உணர்ந்தது மிகப் பிந்தித்தான். பிரான்சின் நாந்த் நகர மருத்துவர் பால் லெமுவான் என்பவர், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து 1968-இல் எழுதினார், எவரும் பொருட்படுத்தவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்களான ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் ‘லான்செட்’ இதழில் இதற்கு ‘ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்’ என்று பெயர் சூட்டிய பின்னரே உலகம் விழித்தது. அக்காலத்து மருத்துவமனைகளில், குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்கெனக் கருவுற்ற பெண்ணின் நாளத்தில் மதுசாரத்தையே ஏற்றி வந்தனர் என்றால் நம்ப முடிகிறதா? பிரிட்டனில் சிறிதளவு அருந்தலாம் என்னும் ஆலோசனை 2016-இல்தான் கைவிடப்பட்டு, அறவே தவிர்ப்பதே பாதுகாப்பு என்று அறிவிக்கப்பட்டது. இதனைக் கண்டு நாம் மார்தட்டிக் கொள்ள வேண்டியதில்லை. இறைக் கட்டளைக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. மருத்துவ உண்மையை அறிவதிலோ நாமும் பிறரும் ஒன்றே.

தாய் அருந்தும் மது நச்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து சிசுவின் குருதியில் கலக்கின்றது. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் சிசுவின் முதிராத ஈரலுக்கு இல்லை. பனிக்குட நீரிலும் அது தங்கி நிற்கும். முகம் உருவாகும் முதல் வாரங்களில், பெரும்பாலும் தான் கருவுற்றதைப் பெண் அறியுமுன்னரே, கேடு தொடங்கிவிடலாம். கண் இடுக்கு சிறுத்தும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியும், மேலுதடு மெலிந்தும் சில பிள்ளைகள் பிறக்கின்றன. முகத்தில் எவ்வித அடையாளமும் இல்லாத பிள்ளைகளே மிகுதி. அவர்களுடைய நிலைதான் இன்னும் இரங்கத்தக்கது. மூளை பாதிப்புற்றிருப்பதை எவரும் அறியார். நேற்றுக் கற்றதை இன்று மறக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் ஏசுவார். ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளையை அடங்காப்பிடாரி என்று தந்தை அடிப்பார். இதற்கு முழு நிவாரணம் தரும் மருந்து இல்லை. இளமையிலேயே கண்டறிவதும், அமைதியான இல்லமும், பொறுமையுள்ள கல்வியும் பெருந்துணையாகும்.

குற்றம் யாருடையது? மது தொடர்பாகப் பத்துப் பேர் சாபத்துக்குரியோர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதீயில் உள்ளது. அப்பட்டியலில் அருந்துபவர் பதின்மருள் ஒருவர்தாம். பிழிபவர், பிழியச் செய்பவர், சுமப்பவர், புகட்டுபவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று அது விரிகின்றது. கேப் தோட்டங்களின் கதையை இப்பட்டியலுடன் வைத்துப் பாருங்கள். பிழியச் செய்தவனும், கூலியாகப் புகட்டியவனும், விலையை உண்டவனும் மாளிகையில் இருந்தனர். பழியோ குடிசையிலிருந்த தாயின் தலையில் மட்டும் விழுந்தது.

விற்போரின் பொறுப்பைச் சில நாடுகள் இப்போதுதான் சட்டமாக்குகின்றன. அமெரிக்காவில் 1989 முதலும், பிரான்சில் 2007 முதலும் கருவுற்றோருக்கான எச்சரிக்கை மதுப் புட்டிகளில் இடம்பெறுகின்றது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2023-இல் அதனைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எச்சரிக்கை வாசகம், மது உடல்நலத்துக்குக் கேடு என்றும், அருந்திவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்றும் கூறியதேயன்றி, கருவிலிருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நம் வாசகர் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று உண்டு. பெரும்பாலும் முஸ்லிம் நாடுகள் அடங்கிய கிழக்கு மத்தியதரைப் பிராந்தியத்தில் விகிதம் ஆயிரத்துக்கு 0.1 மட்டுமே, உலகிலேயே மிகக் குறைவு. இது பெரும்பாலும் குடிப்பழக்கக் கணக்கிலிருந்து ஊகித்தறிந்த எண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்துக் குடிப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வெட்கத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் வாய் திறவாத பெண் நம் தெருவிலும் இருக்கக்கூடும்.

கேப் மாநிலத்தில் தொண்டு நிறுவனத்தார் இன்று கருவுற்ற கூலிப் பெண்களை அணுகும் முறை அறியத்தக்கது. அவர்கள் ஏசுவதில்லை, உடன் அமர்ந்து கேட்கின்றனர், பிரசவம் வரை துணை நிற்கின்றனர். ஐந்தாம் மாதமாயினும் ஏழாம் மாதமாயினும் நிறுத்தினால் பிள்ளைக்குப் பயனுண்டு என்று எடுத்துரைக்கின்றனர். சிசுவின் மூளை ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய நாளிலிருந்து அது மதுவின்றி வளர்கின்றது.