எந்தப் பக்கம் வீடு?

சென்ற மாதம் ஒருநாள் இரவு, எங்கள் தெருப் பெண் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். ஆறாம் வகுப்புக்கு நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் விண்ணப்பித்திருந்தார்கள். மறுநாள் காலை நேர்காணல். “ஏன் இந்த ஸ்கூல்ல சேக்கணும்னு நெனைக்கிறீங்கன்னு கேப்பாங்களாம். என்னக்கா சொல்றது?” என்று கேட்டார்.

உண்மையான பதில் அவரிடமே இருந்தது. ஒன்றியப் பள்ளியில் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லாரும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். தன் மகளும் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்தத் தாயின் ஆசை. ஆனால் இதை அங்கே போய்ச் சொல்ல முடியுமா? சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘ஒழுக்கம், இங்கிலீஷ், நல்ல ரிசல்ட்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

அந்தக் கேள்வி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் விசாரணையே. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம் வீடு? வீட்டுக்காரர் என்ன வேலை? நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்? கணவர் சென்னையில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். இவர் எட்டாவது வரை படித்தவர். ‘போனில் சொல்கிறோம்’ என்று அனுப்பி வைத்தார்கள். இன்றுவரை போன் வரவில்லை.

நாங்கள் யாருடைய சாதியையும் கேட்பதில்லை என்று பள்ளி நிர்வாகம் சொல்லும். கேட்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாமெல்லாம் வரவேற்றோம். ஊரில் எந்தப் பக்கம் என்று வாயால் கேட்பவருக்கு ஆவணம் எதற்கு?

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு பழகினால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அவருக்காவது பள்ளிக்குள் நுழைந்த பிறகு வந்த பயம் அது. இந்தச் சிறுமிக்கு வாசலிலேயே இருப்பிடத்தைக் கேட்டு முடித்துவிட்டார்கள்.

இந்த நேர்காணலே சட்ட விரோதம் என்பது நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வகையிலும் வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். 2010 நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் தந்த வழிகாட்டுதல் இன்னும் வெளிப்படையானது: தேர்வும் நேர்காணலும் கூடாது, பெற்றோரின் படிப்பை வைத்துக் குழந்தையை எடைபோடக் கூடாது.

இதெல்லாம் இலவசமாகச் சேரும் 25 சதவீதப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பள்ளிகள் ஒரு கதை சொல்கின்றன. அப்படியல்ல. கட்டணம் கட்டிச் சேரும் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பு வரை இதே பாதுகாப்பு உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குத்தான் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சட்டம் பொருந்தாது. மற்ற சாதாரணத் தனியார் பள்ளிகளுக்கு எந்த விலக்கும் இல்லை.

அரசுப் பள்ளியைக் காப்போம் என்று மேடையில் பேசிவிட்டுத் தனியார் பள்ளி வாசலில் நிற்கலாமா என்று இயக்கத் தோழர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை முதலில் மஞ்சள் வேனில் பிள்ளையை ஏற்றி அனுப்பியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் விட்டுப் போன பள்ளியைக் காக்கும் பொறுப்பை எங்கள் தெருவின் பத்து வயதுப் பிள்ளை தலையில் மட்டும் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

வரும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறேன். நம் மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளிகள் சேர்க்கைக்கு நேர்காணல் வைக்கின்றன என்று முதன்மைக் கல்வி அலுவலர் விசாரிக்க வேண்டும். நேர்காணல் கிடையாது என்று ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தமிழில் பலகை வைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடமும் கையெழுத்துக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “ஒருவேளை போன் வந்துட்டா என்னக்கா பண்றது?” என்றார்.

அவர் பெயரை விட்டுவிட்டு, என் பெயரில் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.