கடைசி எண் மட்டும்தானே மாறியிருக்கு, அப்டேட் செய்யலாமா?

2025 செப்டம்பர் 8 அன்று என்பிஎம் தளத்தில் 'சாக்' 5.6.1, 'டீபக்' 4.4.2 வெளியாகின. இரண்டிலும் கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் இருந்தது. பராமரிப்பாளரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி, அவர் கணக்கைக் கைப்பற்றியிருந்தார்கள்.

எண்களைக் கவனிச்சீங்களா? செம்வெர் விதிப்படி முதல் எண் மாறினால் பழைய கோடு உடையலாம். நடு எண் மாறினால் புது வசதி. கடைசி எண் என்றால் வெறும் பிழைத்திருத்தம். திருடர்கள் மாற்றியது கடைசி எண்ணைத்தான்.

காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நீங்க '^5.6.0' என எழுதி, லாக் ஃபைல் இல்லாமல் அன்று இன்ஸ்டால் செய்திருந்தால் 5.6.1 தானாகவே வந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்? லாக் ஃபைலை கிட்டில் சேருங்க. சர்வரில் 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்க. புது வெளியீட்டைச் சில நாள் ஆறப்போடுங்க. பதிப்பு எண் வெளியிடுபவர் தரும் வாக்குதான்; அதை என்பிஎம் சரிபார்ப்பதில்லை.