"கையுறை கொடுத்தாயிற்று" என்கிறார்கள்

ஹாக்கி ஆடுகிறவர் கையுறை வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்கிறார்? மட்டையின் மேல்முனையைப் பிடிப்பது இடது கை. மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைத் தடுக்கும்போது அந்தக் கையின் விரல் முட்டிகள்தான் தேயும். அதனால் முட்டிக்கு மேல் தடித்த நுரை வைத்ததைத் தேர்ந்தெடுக்கிறார். பிடி நழுவாதபடி உள்ளங்கை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார். போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றுகிறார். கையுறை கையின் இயல்பான அளவை வெகுவாகக் கூட்டக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. ஆடுகிறவருக்கு இவ்வளவும் தேவைதான்.

கொடைக்கானலில் விடிகாலைக் குளிரில், சுற்றுலா வந்தவர்கள் வீசிய கண்ணாடிப் பாட்டில்களைப் பொறுக்கும் கைகளுக்கு இந்தக் கவனம் தேவையில்லையா?

தூய்மைப் பணியாளர்களோடு நாங்கள் பேசிய இடங்களில் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பெரிய கையுறைக்குள் துடைப்பக்கட்டை நழுவும். ஈரம் புகுந்தால் மலைக்குளிரில் விரல் மரத்துப்போகும். வேலை நடக்க வேண்டுமே என்று கழற்றிவைப்பார்கள். உடனே தீர்ப்பு வந்துவிடும்: "கொடுத்தோம், அவங்கதான் போடறதில்ல." பொருந்தாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழியைக் கையின் மீதே போடுவதுதான் சாதிய நிர்வாகத்தின் சாமர்த்தியம்.

எந்த ஆபத்துக்கு எந்தப் பாதுகாப்பு என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலையில் முறையான பாதுகாப்பு இல்லை என்று தொழிலாளர்கள் குற்றம்சாட்டினார்கள், நிறுவனம் மறுத்தது. 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு வந்ததோ 2016இல். பாதரச ஆவி மூச்சு வழியே உள்ளே போவது. அதை எந்தக் கையுறையும் தடுக்காது. சாக்கடைக் குழியின் விஷவாயுவும் அப்படித்தான்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உபகரணங்களோடும் மலத்தை அகற்றுபவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். அதாவது, கையுறை மாட்டினால் வேலை அதேதான், சாதியும் அதேதான். பெயர் மட்டும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கையைக் காக்க வேண்டிய உறை, அரசைக் காக்கிறது.

ஆகவே தோழர்களே, இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே எழுப்புவோம். மலக்குழிக்குள் மனிதர் இறங்கவே கூடாது. அங்கே இயந்திரம் வேண்டும், கையுறை பதிலல்ல. குப்பை அள்ளும் கைகளுக்கோ, கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்து வாங்கிய உறை வேண்டும். கண்ணாடி கிழிக்காத உறை, சாக்கடை ஓரத்துக்கு முழங்கை வரை நீளம், குளிருக்கு உள்ளே பருத்தி உறை, நைந்தால் உடனே மாற்று. எது சரி என்று போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தொழிலாளரே.

உங்கள் ஊர் உள்ளாட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஆண்டு எத்தனை கையுறை, எந்தெந்த அளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? "அளவு" என்ற கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும், அந்தக் கைகளுக்குரியவர்களை அவர்கள் மனிதர்களாக எண்ணினார்களா என்று.