டீசல் கொட்டினால் யார் துடைப்பது?

சிறை என்றதும் நமக்கு மதிலும் கம்பியும்தான் நினைவுக்கு வருகின்றன. டீசல் தொட்டி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் கரண்ட் போனால் சிறையில் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். அதற்கு டீசல் இருப்பு வேண்டும். சமையற்கூடத்து எண்ணெய், வண்டிகளிலிருந்து வடிக்கும் பழைய ஆயில் எல்லாம் அந்த மதிலுக்குள்தான் கிடக்கின்றன.

சிறை உழைப்பு பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அமெரிக்காவின் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு விதிகளைப் படித்தேன். 1970களிலிருந்து அங்கே நடைமுறையில் இருப்பவை. தரைக்கு மேல் மொத்தம் 1,320 காலனுக்கு, அதாவது ஏறக்குறைய 5,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் வைக்கும் வசதி இருந்து, கொட்டினால் அது ஆறு, ஓடைகளுக்குப் போய்ச் சேர வாய்ப்பும் இருந்தால், அந்த இடம் எழுத்துப்பூர்வமான தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும். 55 காலன் பீப்பாயிலிருந்து கணக்கு தொடங்குகிறது. தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் வேண்டும். இருப்பதிலேயே பெரிய தொட்டி முழுதாக உடைந்தாலும் அத்தனை எண்ணெயும் அதற்குள் நிற்க வேண்டும், மழைநீருக்கும் கூடுதல் இடம் விட வேண்டும். எண்ணெயைக் கையாள்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நல்ல விதிகள். நம் ஊரிலும் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் இந்த விதிகளுக்குத் தொழிற்சாலையும் சிறையும் ஒன்றுதான். தொழிற்சாலையில் டீசல் கொட்டினால் தொழிலாளி கையுறை கேட்கலாம், மறுக்கலாம், வேலையை விட்டே போகலாம். கைதிக்கு இந்த மூன்றுமே எளிதில்லை. வாசம் தலையைச் சுற்றவைத்தாலும் பூட்டிய அறையிலிருந்து அவர் எங்கே ஓடுவது? அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13வது சட்டத்திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கப்படும் கட்டாய உழைப்புக்கு விலக்கு அளித்து வைத்திருக்கிறது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபோது, லூசியானா கடற்கரையைச் சுத்தம் செய்தவர்களில் அம்மாநிலச் சிறைக்கைதிகளும் இருந்தார்கள். லூசியானா மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் மூன்றில் ஒரு பங்கு. சிறைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. யார் கையில் மண்வெட்டி இருந்திருக்கும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

அங்கே நிறம் செய்த வேலையை இங்கே சாதி செய்தது, அதுவும் கூச்சமே இல்லாமல், எழுத்திலேயே. இழிவான வேலைகளை அவற்றுக்குப் 'பழக்கப்பட்ட' சமூகத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உத்தரப் பிரதேசச் சிறைக் கையேடு சொன்னது. துப்புரவுக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று மேற்கு வங்கக் கையேடு பெயர் சொல்லியே எழுதி வைத்திருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளை அரசமைப்புக்கு எதிரானவை என்று தள்ளியது. பதிவேட்டில் சாதிக்கான பத்தியை நீக்கச் சொன்னது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் சிறையையும் கட்டுப்படுத்தும் என்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

அதே பாளையங்கோட்டையிலும் புழலிலும் வேலூரிலும் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வேலை செய்கிறார்கள். அந்த வேலையை நான் குறைசொல்லவில்லை. வெளிக்காற்று, மனிதர்களோடு பேச்சு, கொஞ்சம் கூலி, எல்லாம் வேண்டியவைதான். என் கேள்வி மதிலின் இரு பக்கத்துக்கும் பொதுவானது. பம்ப் பிடிக்கும் இடத்துக்கு யாரை அனுப்புகிறார்கள்? ஜெனரேட்டர் அறையில் தரையைத் துடைக்க, எண்ணெய் படிந்த கால்வாயைத் தோண்ட யாரை அனுப்புகிறார்கள்? கையேட்டில் வரியை அடித்துவிடலாம். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வாய்க்குச் சாதி மறந்துவிடுமா?

எண்ணூரில் 2017இல் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோதும் வாளியால் அள்ளியவர்களை நாம் பார்த்தோம். கேமராக்கள் போயின, அதனால் பாதுகாப்பு உடை எங்கே என்று கேட்க முடிந்தது. சிறைக்குள் கேமரா போகாது. தகவல் கேட்கும் மனு போகும். டீசல் எத்தனை லிட்டர் இருப்பில் உள்ளது, தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் உண்டா, சுத்தம் செய்பவர்களுக்குக் கொடுத்த கையுறை, முகக்கவசம், பூட்ஸ் எத்தனை, அவர்களுக்கு என்ன பயிற்சி, என்ன கூலி என்று கேளுங்கள். ஒரு வருடத்து வேலை ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தந்த மத்திய சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.